தேவயானி கம்ப்யூட்டருக்குக் கட்டிய காப்பு

அம்மன் முகம் முழுசாக வந்துவிட்டது. நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, காதில் தொங்கட்டான், சிரித்தும் சிரிக்காத உதடு எல்லாம் நூலிலேயே வந்து நிற்கிறது. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் சிவப்புத் துணி. மறுநாள் விடிந்தால் எங்கள் காளியம்மனுக்குத் திருவிழா. சன்னதி முன்னால் தொங்கவிட வேண்டிய அந்தத் திரையை மடியில் போட்டுக்கொண்டு தேவயானி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய கம்ப்யூட்டர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு 'ஊம்' என்று மூச்சு விட்டபடி நின்றது.

"அக்கா, இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுக்கா" என்றாள்.

அவள் அழவில்லை. தேவயானி அழுது நான் பார்த்ததில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு மேலே எங்கள் ஊர் புளியங்குட்டை. தேவயானி வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் அப்பா சாமை விதைத்துவிட்டு, அறுவடை வரைக்கும் கேரளத்துக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போகிறவர். பத்தாவது படித்ததும் அவளைத் திருப்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே எம்ப்ராய்டரி கம்பெனியில் முதலில் நூல் கழிவு பெருக்கினாள். அப்புறம் ஊசிக்கு நூல் கோத்தாள். கோத்துக்கொண்டே, டிசைன் போடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து அந்த வேலையையும் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டரில் படம் வரைந்து, எந்த இடத்தில் எந்த நூல், எந்தப் பக்கமாகத் தையல் ஓட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லித் தருகிற வேலை. அதற்குப் பஞ்சிங் என்று பெயர். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

திரும்பி வந்தபோது பழைய எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றையும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மலை வளைவில் டெம்போ திரும்புகிறபோதெல்லாம் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்ததாக டிரைவர் சொன்னார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி ஒருத்தி பிடித்து அவர் பார்த்ததில்லையாம்.

ரவிக்கைக்குப் பூ வேலை செய்வாள். படவேட்டுக் கோயில் கடைக்காரர்கள் அம்மனுக்குச் சாத்துகிற சின்னச் சேலைக்குக் கரை போடக் கொடுப்பார்கள். நூல் வாணியம்பாடியிலிருந்து வரும். அங்கே பாஷா பாய் என்று ஒருவர் நூல் கடை வைத்திருக்கிறார். இப்போது கடையைப் பார்ப்பது அவர் மகள் ஃபிஜா. நூலும் விற்பாள், டிசைனும் விற்பாள், தையல்காரர்களுடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அதையும் சரி பண்ணித் தருவாள். தேவயானிக்கும் அவளுக்கும் போனிலேயே ஒட்டிக்கொண்டது.

எங்கள் அம்மன் கர்ப்பக்கிருகத்துக்குத் திரை எப்போதும் கீழே நாட்டில் வாங்கி வருவதுதான் வழக்கம். யாரோ, எங்கேயோ வரைந்த அம்மன். இந்த வருஷம் தேவயானி போய் ஊர்க்கவுண்டர் ரங்கசாமி முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, இந்தத் தபா திரையை நான் தச்சிக் குடுக்குறேன். நம்ம அம்மா முகத்தையே பார்த்து வரைஞ்சி."

"மெஷின்லயா?"

"மெஷின்லதான்."

"அம்மா மூஞ்சில மெஷின் ஊசி குத்தறதா? இன்னா பேச்சு இது?"

பூசாரி லட்சுமணன் என் வீட்டுக்காரர். அவர்தான் சொன்னார்: "கல்லுல உளி வெச்சி அடிச்சிதானே கவுண்டரே அம்மாவே வந்தா." கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "செய்யட்டும். ஆனா சொன்ன நாளைக்குத் தொங்கணும். தொங்கலன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். தேவயானி தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "அக்கா, இது மட்டும் நடக்கலன்னா மெஷினை வித்துட்டு மறுபடியும் திருப்பூர் போய்டுவேன். இந்த ஊர்ல அப்பால என்னால தலை நிமிர முடியாது" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நோன்பு நோற்கிறது போல நாள் பார்த்து, குளித்து, விரதம் இருந்து தைத்தாள். தாமரைக் கரை வந்தது. புலி வந்தது. முகம் வந்தது. கண்ணை மட்டும் விட்டு வைத்தாள். அம்மன் படம் எதுவானாலும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பது எங்கள் வழக்கம். அதுவும் காப்புக் கட்டின பிறகு. அதனால் கம்ப்யூட்டரில்கூடக் கண்ணை அவள் வரையவில்லை.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினோம். அம்மனுக்கு வேலை செய்கிற எல்லாருக்கும் மஞ்சள் கயிறு. கயிறு கட்டினவர்கள், கட்டின பொருள் எதுவும் காப்பு அறுக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பம்பை அடிக்கிற பழனி கையை நீட்டினார். அந்தக் கையில் ஏற்கனவே ஒரு கறுப்புக் கயிறு, ஒரு சிவப்புக் கயிறு.

"இன்னா பழனி இது, கயித்துக் கடையா?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்தார்.

"மாமா, மாமா! கறுப்பு தர்கா கயிறு. ஜுரத்துக்குக் கட்டுனது. சிவப்பு திருவண்ணாமலைல கட்டுனது."

"ஜுரம் போச்சில்ல? பத்திரமா கயட்டிப் பொட்டியில வை. திருவிழா முடிஞ்சி கட்டிக்கோ. ஒரு கையில ஒரு காப்புதான். நீ யார் காவல்ல இருக்கறன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பம்பைக்கும், பொங்கல் பானைக்கும், பூசைக் கத்திக்கும் கயிறு கட்டியானது. அப்போது தேவயானி கூச்சத்தோடு கேட்டாள்: "மாமா, என் மெஷினும் அம்மா வேலைதானே செய்யுது?" என் வீட்டுக்காரர் நேராக அவள் வீட்டுக்கு வந்து தையல் மெஷினுக்கு ஒரு கயிறு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு கயிறு சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். அன்றோடு கோயிலில் இருந்த பழைய திரையையும் வழக்கப்படி ஓடையில் விட்டுவிட்டோம்.

அதோடு நின்றிருந்தால் வம்பே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரர் அதில் ஆன்டிவைரஸ் என்று ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார். சிவப்புக் கேடயம் படம் போட்டிருக்கும். "இதை எடுத்தா கம்ப்யூட்டர் செத்துடும்" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குக் கெடு முடிந்துபோய் மூலையில் வந்து வந்து கத்திக்கொண்டே இருக்கும்: உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. தேவயானிக்கு மனசு கேட்கவில்லை. வெளியே காப்புக் கட்டியாயிற்று, உள்ளே காவல் இல்லாமல் விடலாமா? பொம்பளைகளுக்குக் கையில் கட்டுகிற வழக்கம் இல்லாததால் காப்புக் கயிறு அவள் கையில் இல்லை, கம்ப்யூட்டருக்குத்தான் கட்டியிருந்தது. அதனால் மறுநாள் ஜமுனாமரத்தூருக்குப் போய், பிரவுசிங் சென்டரில் இலவசமாகக் கிடைக்கிற வேறொரு ஆன்டிவைரஸைப் பென்டிரைவில் வாங்கி வந்தாள். இதற்கு நீலப் பூட்டுப் படம். கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு அதையும் உள்ளே ஏற்றினாள். ஆக, பெட்டிக்கு வெளியே ஒரு காப்பு, உள்ளே இரண்டு.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு கண் வரைய உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் அம்மி போல அசையவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் நான் போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம். கடைசியில் பஞ்சிங் பண்ணுகிற அந்த சாஃப்ட்வேரைத் திறந்தால் திறக்கவே இல்லை. நீலப் பூட்டு ஒரு பெட்டியைக் காட்டியது: சந்தேகமான ஒன்றைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறேன், உங்களைக் காப்பாற்றிவிட்டேன்.

அது பிடித்து அடைத்தது அவளுடைய சாஃப்ட்வேரைத்தான்.

வெள்ளி முழுக்க அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை காலையில்தான் என்னைக் கூப்பிட்டாள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

சேதி காற்றில் போனது போல ஊரெல்லாம் போய்விட்டது. ரங்கசாமிக் கவுண்டர் வந்துவிட்டார். அவர் சம்சாரம் கெங்கம்மாள் பின்னாலேயே வந்தார்.

"பொட்டியைத் தூக்கிக்கினு கீழ போய் ரிப்பேர் பண்ணலாமே?" என்றார் கெங்கம்மாள்.

"கயிறு கட்டியிருக்குது. எல்லை தாண்டக் கூடாது" என்றார் கவுண்டர்.

"கையாலயே ரெண்டு கண்ணு தச்சிடேன் தேவயானி."

"பெரிம்மா, அம்மா கண்ணுல கையால ஊசி குத்த எனக்குத் தைரியம் இல்ல. உங்களுக்கு இருக்குதா?"

கெங்கம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"பழைய திரையும் ஓடையில போய்டுச்சி" என்று கவுண்டர் கூரையைப் பார்த்துச் சொன்னார். "கண்ணு இல்லாத அம்மாவை ஊர் முன்னால தொங்கவிடறதா? நான் அன்னிக்கே சொன்னேன்."

தேவயானி எழுந்தாள். கம்ப்யூட்டர் திரையைத் தன் போனில் படம் பிடித்தாள். "அக்கா, மணிப்பாறைக்குப் போகணும். ஃபிஜாவைக் கேக்கணும்" என்றாள்.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் போன் எடுக்காது. கோயிலுக்கு மேலே மணிப்பாறையில் ஏறினால்தான் சிக்னல். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போகலாம் என்றால் பாறையில் கரண்டுக்கு எங்கே போவது? அதனால் பழனி அவளுடைய போனை வாங்கிக்கொண்டு பாறைக்கு ஓடினார். பாறையிலிருந்து கத்தினால் கோயில் வேப்பமரம் வரைக்கும்தான் கேட்கும். அங்கே நான் நின்றேன். நான் கத்தினால் தேவயானி வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும். வாசலில் யாராவது நின்று உள்ளே சொல்ல வேண்டும். கெங்கம்மாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஊர்க்கூட்டத்துல மட்டும் இந்தத் தொண்டை மலையைப் பொளக்குதே. இங்க வந்து நில்லு" என்றார். கவுண்டர் முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றார்.

பாறை மேல் பழனி அந்தப் படத்தை ஃபிஜாவுக்கு அனுப்பிவிட்டு, அவளைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஃபிஜா சொன்னது சிலது காற்றோடு எனக்கே கேட்டது. மீதியைப் பழனி அப்படியே அவள் குரலிலேயே சொன்னார். பம்பைக்காரர் இல்லையா, குரல் மாற்றுவது அவருக்குக் கைவந்த வேலை.

"யா அல்லா! ரெண்டு ஆன்டிவைரஸாக்கா போட்டுக்கீறே? ஒரு வூட்டு வாசல்ல ரெண்டு வாட்ச்மேன் நின்னா இன்னா ஆகும்? நீ யாரு, நீ யாருன்னு அவனுங்களுக்குள்ளயே புடிச்சி இஸ்துகினு கிடப்பானுங்க. வூட்டுக்காரி உள்ள போக முடியுமா?"

"அதையே தானேம்மா இங்கயும் பார்த்துகினு இருக்கோம்!" என்றார் பழனி.

"ரெண்டையும் எடுத்துடச் சொல்லுங்க. ரெண்டையும்!"

நான் அதைக் கத்தினேன். கவுண்டர் அதை உள்ளே சொல்லவில்லை. கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"நிறுத்து, நிறுத்து. காப்புக் கட்டியிருக்கும்போது காவலை அவுக்கிறதா? எந்த ஊர் நியாயம் இது? ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது?"

தேவயானி வாசலுக்கு வந்தாள். அவள் முகத்திலும் அதே பயம்தான். அவளும் எங்களைப் போலத்தானே. "பெரியப்பா சொல்றது சரிதான்க்கா. கடைக்காரர்கூட எடுத்தா செத்துடும்னாரு. ஒண்ணுமே இல்லாம எப்பிடி?" என்றாள்.

அதை நான் பழனிக்குக் கத்தினேன், பழனி போனில் சொன்னார். அப்புறம் ஃபிஜா சிரித்தாள் போல, பழனியும் சிரித்துக்கொண்டே கத்தினார்:

"ஒண்ணுமே இல்லாம இல்லையாம்! விண்டோஸ் கூடவே பொறந்த காவல் ஒண்ணு உள்ளயே இருக்குதாம். கம்ப்யூட்டர் செஞ்சவனே வெச்சதாம். வெளியில இருந்து வேற ஆள் வந்து நிக்கறதால அது, சரி நீயே பாருன்னு ஒதுங்கி நிக்குதாம். இவனுங்க ரெண்டு பேரும் போனா அது தானா முயிச்சிக்குமாம்! யாரும் கூப்புடக்கூட வேணாமாம்!"

நான் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன். நம்மோடு பிறந்து, நாம் கூப்பிடாமலே காவல் நிற்கிற ஒன்று. எனக்கு அது ஒன்றும் புதுச் சேதியாக இல்லை. கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை குறையாமல் கீழே கத்தினேன்.

கவுண்டர் இன்னும் அசையவில்லை. "இருந்தாலும்..." என்றார்.

அப்போது தேவயானிதான் திடீரென்று நிமிர்ந்தாள். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தது.

"மாமா எங்க? மாமா!"

என் வீட்டுக்காரர் கோயிலிலிருந்து தீர்த்தச் செம்போடு வந்துகொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கிப் பழனியண்ணன் கையில இருந்த ரெண்டு கயித்தையும் ஏன் கயட்டச் சொன்னீங்க?"

"ஒரு கைக்கு ஒரு காப்புதானேம்மா."

"என் கம்ப்யூட்டருக்கு மூணு கட்டியிருக்குது மாமா. அம்மா கயிறு வெளியில. உள்ள ரெண்டு பேர் சண்டை. அதுக்கும் உள்ள, அதோட பொறந்தது ஒண்ணு மூலையில நிக்குது. நான்தான் மாமா பயத்துல ஒண்ணு மேல ஒண்ணு கட்டிட்டேன்."

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் காப்பு தெரியும். "நான் கட்டுன கயித்தை இப்ப அவுக்கக் கூடாது. மீதி நீயா கட்டுனது. நீ அவுக்கலாம்" என்றார். பெட்டி மேல் இரண்டு சொட்டுத் தீர்த்தம் விடப் போனார். தேவயானி பாய்ந்து செம்பைப் பிடித்தாள். "மாமா! கரண்டு! கரண்டு! என் தலையில விடுங்க!"

கவுண்டரே சிரித்துவிட்டார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலில் விறைப்பாக நின்றார். "சொல்லு, இன்னா அமுக்கணும்?"

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

"எடுத்தவுடனே நீக்கிடாதே!" இது ஃபிஜாவின் முதல் கட்டளை. "அடைச்சி வெச்சிருக்கானே உன் சாஃப்ட்வேரை, அதை முதல்ல வெளிய வுடச் சொல்லு. பூட்டைத் திறக்காம பூட்டுக்காரனைத் துரத்துனா சாவியும் அவனோட போய்டும்!"

"பூட்டைத் திற!" என்றார் பழனி. "பூட்டைத் திற!" என்றேன் நான். "பூட்டைத் திறம்மா!" என்று கவுண்டர் முழங்கினார். புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கல்லைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள்.

தேவயானி அடைத்து வைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். இதை விட்டுவிடு, இது என் ஆள், இனிமேல் தொடாதே என்று சொல்லுகிற பொத்தானை அமுக்கினாள். கம்ப்யூட்டர் யோசித்தது. யோசித்தது. வெளியே வந்துவிட்டது என்று எழுத்து வந்தது.

"வுட்டுட்டான்!" என்று கவுண்டர் கத்தினார். அது என் வழியாகப் பாறைக்குப் போனது.

"இப்ப செட்டிங்ஸ். அதுல ஆப்ஸ். வரிசையா பேர் இருக்கும். நீலப் பூட்டைப் புடி. அன்இன்ஸ்டால்!"

கவுண்டர் வாயில் அந்தச் சொல் முதலில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை மலை எதிரொலித்தது: "அன்இன்ஸ்டால்!" ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நீலப் பூட்டு சாமானியமாகப் போகவில்லை. கண்ணீர் விடுகிற ஒரு பொம்மையைக் காட்டியது. எங்களை விட்டுப் போகிறீர்களா, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் விழும் என்றது. 'இருக்கட்டும்' என்று ஒரு பெரிய நீலப் பொத்தான். தேவயானியின் விரல் அதை நோக்கிப் போனது.

"பெருசை அமுக்காதே! கீழ சின்னதா, சாம்பல் கலர்ல, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒண்ணு இருக்கும், அதை அமுக்கு!" என்று மேலிருந்து வந்தது. அந்தப் பொம்மையைப் பார்க்காமலே ஃபிஜா சொல்லிவிட்டாள். எத்தனை வீட்டில் எத்தனை பேரைத் துரத்தியிருப்பாளோ.

அமுக்கினதும், ஏன் போகச் சொல்கிறீர்கள், காரணம் சொல்லுங்கள் என்று அடுத்த கேள்வி.

"காரணமா வேணும்?" என்று கெங்கம்மாள் உள்ளே வந்துவிட்டார். "எங்க அம்மா கண்ணைத் திறக்க வுடாம நிக்கறான், அதான்னு எழுது!"

"சோத்துக்கு வந்தவன் வூட்டையே கேக்கறான்னு எழுது" என்றது இன்னொரு குரல்.

"ஒண்ணும் எழுத வேணாமாம், அடுத்ததைத் தட்டச் சொல்றாங்க" என்று கவுண்டர் அதட்டினார். இப்போது அவர்தான் பெரிய கம்ப்யூட்டர்காரர்.

நீலப் பூட்டு போனது. அணைத்துப் போட்டாள். அடுத்து சிவப்புக் கேடயம். கெடு முடிந்து எந்த வேலையும் செய்யாமல் இத்தனை நாள் வாசலை மட்டும் மறித்துக்கொண்டிருந்தது அதுதான். அதற்கும் அதே வழி. அது போகிற போக்கில், உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று கடைசியாக ஒரு முறை கத்தியது. தேவயானி பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது.

திரை கறுப்பாக நின்றது. 'ஊம்' என்ற சத்தமும் இல்லை.

"செத்துடுச்சா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். கடைக்காரர் சொன்னது எல்லார் மனசிலும் வந்துவிட்டது. நான் வேப்பமரத்தை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஓடி வருகிறபோதே பாறையில் பழனி, "இன்னா ஆச்சி? யாராவது சொல்லித் தொலைங்க! இந்தப் பொண்ணு கேக்குது!" என்று கத்துவது மட்டும் கேட்டது. தேவயானி கண்ணை மூடிக்கொண்டு திரைத் துணியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். என் வாய் தானாக அம்மா, அம்மா என்றது.

பெட்டிக்குள் ஒரு சின்னச் சத்தம். விளக்கு எரிந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

வந்த வேகத்தைப் பார்த்து நாங்கள் பின்வாங்கிவிட்டோம். அம்மியாகக் கிடந்தது ஆட்டுக்குட்டியாகத் துள்ளி எழுந்தது. கீழே மூலையில் சின்னதாக ஒரு கேடயம், அதில் பச்சையாக ஒரு டிக் அடையாளம். தேவயானி அதைத் தொட்டாள். விண்டோஸ் செக்யூரிட்டி காவலில் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது.

"முயிச்சிக்கிச்சி! கூடப் பொறந்தது முயிச்சிக்கிச்சி!" கவுண்டர் துண்டை எடுத்து வீசினார். அந்தத் தொண்டை பாறை வரைக்கும் எட்டிவிட்டது, மேலே பழனி ஒற்றைக் கையால் தொடையிலேயே தாளம் போட்டார்.

தேவயானி தன் சாஃப்ட்வேரைத் திறந்தாள். திறந்தது. அம்மன் முகம் கண் இல்லாமல் வந்து நின்றது. அவள் எங்களையெல்லாம் வெளியே போகச் சொன்னாள்.

அன்று சாயந்திரம் ஃபிஜாவிடம் பேச நானும் அவளோடு பாறைக்குப் போனேன். "அப்ப யாருக்குமே வெளி ஆன்டிவைரஸ் வேணாமா?" என்று தேவயானி கேட்டாள்.

"அப்பிடிச் சொல்ல மாட்டேன்க்கா. பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, அவங்க கணக்கு வேற. உன்னை மாதிரி ஒத்தை மெஷின், தையல் வேலைக்கு அதோட வந்ததே போதும். ஆனா அப்டேட் போடாம வுட்டுடாதே. கண்ட பென்டிரைவைச் சொருகாதே. மெயில்ல வர்ற கண்டதைத் திறக்காதே. அந்தக் காவல் தூங்காம இருக்கணும்னா நீ தூங்கக் கூடாது." பின்னால் அவள் அம்மா ஜெய்புன்னிசாவின் குரல் கேட்டது: "கண்ணு வந்துச்சான்னு கேளு!"

"வந்துச்சிம்மா" என்றாள் தேவயானி. "தச்சிட்டேன்."

அது எப்படி வந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் துணியை ஃப்ரேமில் பூட்டி, விளக்கேற்றி வைத்துவிட்டுப் பொத்தானைத் தொட்டிருக்கிறாள். மெஷின் ஓடிய சத்தம் மட்டும் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. சத்தம் நின்றதும் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

ஞாயிறு காலை அபிஷேகம். திரை போட்டிருந்தது. மேளம் கொட்டினதும் கூட்டம் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. சிவப்புத் துணியில் எங்கள் காளியம்மா, எங்கள் மலைக் கல்லில் இருக்கிற அதே முகம், அதே மூக்கு. கண் வெள்ளைக்கு வெள்ளி நூல், கருவிழிக்குக் கறுப்பு, அதற்குள்ளே ஒரு பொட்டு மஞ்சள். கற்பூர வெளிச்சம் அசைய அசைய அந்தப் பார்வை ஒவ்வொருவர் மேலும் நகர்ந்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஆண்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். தேவயானி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கெங்கம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். திரை விலகி உள்ளே அம்மன் தெரிந்தபோது, துணியில் இருந்தது யார், கல்லில் இருப்பது யார் என்று ஒரு நொடி எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காப்பு அறுத்தார்கள். எல்லார் கையையும் முடித்துவிட்டு என் வீட்டுக்காரர் தேவயானி வீட்டுக்கு வந்து மெஷின் கயிற்றையும் கம்ப்யூட்டர் கயிற்றையும் அறுத்தார். அவளோ பெட்டியைப் போர்வையில் சுற்றத் தொடங்கிவிட்டாள். ஜமுனாமரத்தூரில் சிக்னல் இருக்கிற கடையில் வைத்து அப்டேட் போடவேண்டுமாம். இனி மாதாமாதம் அதற்கு ஒரு ஜீப் பயணம் உண்டாம்.

ஜீப் ஏறுகிற இடத்தில் ரங்கசாமிக் கவுண்டர் நின்றிருந்தார். போர்வை மூட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எதையோ நல்லதாகச் சொல்ல வந்து, அது அவருக்குப் பழக்கமில்லாததால் விழுங்கிக்கொண்டார்.

"திரை பரவால்ல" என்றார். "ஆனா புலி பல்லு சின்னதா கீது. நம்ம காட்டுப் புலிக்குப் பல்லு அப்பிடியா இருந்துச்சி? அடுத்த வருஷத் திரையில பெருசா வை."

தேவயானி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். "வெக்கறேன் பெரியப்பா" என்றாள். "ஆனா நீங்க காட்டுப் புலி வாயைத் திறந்து பார்த்த கதையை எனக்கு முதல்ல சொல்லணும்."